கடலோரம் ஒரு சைக்கிள் சவாரி!

கண்ணுகளா, உங்களிடம் ஒரு கேள்வி. நம் திருமுருகன்பூண்டியில் பொழுது விடிந்ததும் காதில் விழும் சத்தம் எது? சேவல் கூவுவது என்பீர்கள். சரி, அதற்கு அடுத்தது? ‘டக்... டக்... டக்...’ சிற்பக் கூடங்களில் உளி கல்லைத் தொடும் சத்தம்!

இங்கிருந்து தெற்கே நானூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் இன்னொரு சிற்பக் கூடம் இருக்கிறது. அங்கே உளி பிடிக்க ஆள் கிடையாது. கடல்தான் சிற்பி. அலைதான் உளி. ஞாயிற்றுக்கிழமைகூட லீவு எடுக்காமல், பல ஆயிரம் ஆண்டுகளாகப் பாறைகளைச் செதுக்கிக்கொண்டே இருக்கிறது. அதுதான் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை.

கன்னியாகுமரியில் தொடங்கி மணக்குடி, ராஜாக்கமங்கலம் துறை, முட்டம், மணவாளக்குறிச்சி வழியாகக் குளச்சல் வரை சுமார் 40 கி.மீ. தூரம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னந்தோப்பு, தூரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை. சைக்கிள் பிரியர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? வாருங்கள், இன்று இந்தக் காகிதத்தில் ஒரு சவாரி போவோம். பெரியவர்களோடு நிஜமாகவே போகும் நாள் வந்தால், என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்வோம்.

ஏன் சைக்கிள்?

பஸ்ஸில் போனால் ‘கடல்! கடல்!’ என்று நீங்கள் கை நீட்டி முடிப்பதற்குள் அது மறைந்துவிடும். நடந்து போனால் பாதி வழியிலேயே கால் கெஞ்சும். சைக்கிள் இரண்டுக்கும் நடுவில். நிதானமாக மிதித்தால் மணிக்கு 12 கி.மீ. போகலாம். அப்படியானால் 40 கி.மீ. போக எவ்வளவு நேரம் ஆகும்? மனக்கணக்குப் போடுங்கள். 3 மணி 20 நிமிடம். நின்று பார்க்கவும் இளநீர் குடிக்கவும் இன்னும் இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்ளலாம்.

சைக்கிளில் இன்னொரு லாபமும் உண்டு. மேடு எது, பள்ளம் எது என்று உங்கள் கால் சொல்லும். காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்று உங்கள் கன்னம் சொல்லும். எங்கே மீன் காய்கிறது என்று மூக்கு சொல்லிவிடும்! புவியியல் பாடத்தை உடம்பாலேயே படிக்கலாம்.

ஊர்ப் பெயரே பாடம்

சவாரியின் தொடக்கம் கன்னியாகுமரி. அதிகாலையில் சூரிய உதயம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். கடலுக்குள் பாறை மேல் நிற்கும் திருவள்ளுவர் சிலையைப் பூண்டிப் பிள்ளைகள் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். கல்லின் அருமை தெரிந்தவர்கள் அல்லவா நீங்கள்! பீடம் 38 அடி, சிலை 95 அடி, ஆக மொத்தம் 133 அடி. திருக்குறளின் 133 அதிகாரங்களுக்கு அடையாளமாக அந்த உயரம். கணபதி ஸ்தபதியின் தலைமையில் செதுக்கப்பட்டு, 2000 ஜனவரி 1-ல் திறக்கப்பட்டது. பக்கத்தில் விவேகானந்தர் பாறை. இரண்டுக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது.

இனி மேற்கே திரும்புவோம். வழியில் வரும் ஊர்ப் பலகைகளை ஒன்றுவிடாமல் படியுங்கள். ‘துறை’ என்று முடிந்தால் படகு வந்து சேரும் இடம். ‘பட்டினம்’ என்றால் கடற்கரை ஊர். ‘விளை’ என்றால் தோப்பும் பயிரும் விளைந்த நிலம். ‘பொழி’ என்பது ஆறு கடலில் கலக்கும் வாய். பொழிக்கரை என்றே ஓர் ஊர் இருக்கிறது! ஊர்ப் பெயரைப் படித்தாலே அங்கே கடல் எப்படி இருக்கும் என்று ஊகிக்கலாம். தமிழ் வகுப்பில் நெய்தல் திணை என்று படிக்கிறீர்களே, அது இந்தச் சாலையோரம் உயிரோடு இருக்கிறது. வலை காய்கிறது, மீன் காய்கிறது, கட்டுமரம் கரையேறுகிறது.

மணக்குடிப் பாலம்

சுமார் எட்டு கி.மீ. தாண்டியதும் மணக்குடி. பழையாறு இங்கேதான் கடலில் கலக்கிறது. ஆற்றின் இரு கரையிலும் கீழ மணக்குடி, மேல மணக்குடி என இரண்டு ஊர்கள். நடுவே பாலம்.

பாலத்தின் மேல் போகும்போது ஒரு நிமிடம் சைக்கிளை ஓரமாக நிறுத்துங்கள். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது இங்கே இருந்த பாலத்தை அலை பிய்த்து எறிந்தது. பல டன் எடையுள்ள கான்கிரீட் துண்டுகளைப் பொம்மைபோல் இழுத்துப்போட்டது. மணக்குடி, கொட்டில்பாடு, குளச்சல் என்று இந்தக் கரை முழுவதும் ஏராளமான உயிர்கள் போயின. இப்போது நாம் போவது அதன் பிறகு கட்டிய பாலம். அழகான கடல்தான். ஆனால் அதற்கு எவ்வளவு பலம் என்பதை இந்த இடம் நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

காற்றோடு ஒரு கணக்கு

மணக்குடி தாண்டினால் சொத்தவிளை. நீண்ட மணல் கடற்கரை. இங்கே சாலை சமதளம். ‘அப்பாடா, இனி சுகமாகப் போகலாம்’ என்று நினைப்பீர்கள். அங்கேதான் காற்று உங்களைச் சோதிக்கும்!

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். காற்று மேற்கிலிருந்து வரும். நாமும் மேற்கே போகிறோம். ஆக, முகத்தில் அறையும் எதிர்க்காற்று. அது எவ்வளவு வேலை வாங்கும் என்று பார்ப்போம்.

நீங்கள் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் மிதிக்கிறீர்கள். எதிரே காற்றும் 15 கி.மீ. வேகத்தில் வருகிறது. உங்கள் உடம்பில் மோதும் காற்றின் வேகம் 30 கி.மீ. ஆகிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடையும் இரண்டு மடங்குதானே என்கிறீர்களா? இல்லை! இரண்டை இரண்டால் பெருக்க வேண்டும். நான்கு மடங்கு! அதனால்தான் சமதளச் சாலையிலும் மலை ஏறுவதுபோல் மூச்சு வாங்குகிறது.

இதற்கு என்ன வழி? பலத்தால் காற்றை ஜெயிக்க முடியாது, புத்தியால் முடியும். மழையும் சூறைக்காற்றும் உள்ள ஜூன், ஜூலையில் போகாமல் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை போகலாம். அப்போது பெரும்பாலும் வடகிழக்குக் காற்று. அது முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். அதோடு, வெயில் ஏறினால் கடல்காற்று நிலத்தை நோக்கிப் பக்கவாட்டில் வீசும், ஹேண்டில்பாரை ஆட்டும். ஆகவே காலை ஆறு மணிக்கே கிளம்பிவிட வேண்டும்.

முட்டத்துப் பாறைகள்

ராஜாக்கமங்கலம் துறை, அழிக்கால், பிள்ளைத்தோப்பு என்று ஒவ்வொரு மீனவ ஊராகக் கடந்து போகிறோம். சாலை எல்லா இடத்திலும் கடலை ஒட்டியே போகாது. சில இடங்களில் தோப்புக்குள் நுழைந்து, வளைந்து, மறுபடி கடலைப் பிடிக்கும். அடுத்து வருகிறது முட்டம்.

இதுவரை மணலாக இருந்த கரை, இங்கே பாறையாக மாறிவிடுகிறது. யானைக் கூட்டம் கடலில் இறங்கிக் குளிப்பதுபோல் பெரிய பெரிய பாறைகள். மேட்டின் மேல் கலங்கரை விளக்கம். பக்கத்தில் சிவப்பு மணல் மேடுகள். இந்தச் செம்மணலுக்குத் ‘தேரி’ என்று பெயர். இந்த இடத்தைச் சினிமாப் பாட்டுகளில் நீங்கள் பார்த்திருக்கவும் கூடும்.

ஓர் இடத்தில் மணல், இன்னோர் இடத்தில் பாறை. ஏன் இப்படி? குமரி மாவட்டப் பாறைகள் சாதாரணப் பாறைகள் அல்ல. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, பூமிக்கு அடியில் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து இறுகியவை. அவ்வளவு உறுதி. அலை கரையைச் செதுக்கும்போது மெத்தென்ற பகுதி சீக்கிரம் கரைந்து உள்ளே வளைந்துவிடுகிறது. கெட்டியான பாறை மட்டும் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. வளைந்த இடம் விரிகுடா. நீட்டிய இடம் முனை.

வெறும் தண்ணீர் மட்டும் பாறையைச் செதுக்குவதில்லை. அலை தன்னோடு மணலையும் கூழாங்கல்லையும் அள்ளி வந்து பாறையில் அடிக்கிறது, உரசுகிறது. விரிசலுக்குள் புகுந்து நெம்புகிறது. நம்மூர்ச் சிற்பிகள் முதலில் உளியால் கொத்தி, பிறகு தேய்த்து வழவழப்பாக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே இரண்டு வேலைகளையும் கடலும் செய்கிறது!

சைக்கிளில் போகிறவருக்கு இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. சாலை முனையை நெருங்கினால் மேடு வரும். விரிகுடாவை நெருங்கினால் இறக்கம் வரும். கடலின் வளைவைப் பார்த்தே ‘இனி ஏற்றம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். கியர் சைக்கிள் என்றால் ஏற்றம் தொடங்கும் முன்பே லேசான கியருக்கு மாற்றிவிடுங்கள். பதினொன்றாம் வகுப்பில் உங்கள் அண்ணனுக்கும் அக்காவுக்கும் அரசு கொடுத்த கியர் இல்லாத சைக்கிளா? முடியாதபோது இறங்கித் தள்ளுங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

திருட்டுத்தனமாக வரும் கடல்

நம் ஊர்க் கோவிலின் கதை உங்களுக்குத் தெரியும். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடும் பொருளோடும் சுந்தரர் இந்த வழியே வந்தார். சிவபெருமானின் பூதகணங்கள் வேடர் வேஷத்தில் வந்து வழிப்பறி செய்தன. சுந்தரர் பதிகம் பாடியதும் பொருள் எல்லாம் திரும்பக் கிடைத்தது என்பது தல வரலாறு.

கடலோரத்திலும் ஒரு கள்ளன் உண்டு. ஆனால் அவன் பறித்ததைத் திருப்பித் தருவதில்லை.

அவன் பெயர் ‘கள்ளக்கடல்’. கேரள, குமரிக் கடற்கரை மீனவர்கள் வைத்த பெயர் இது. வானம் தெளிவாக இருக்கும். காற்றும் பெரிதாக இருக்காது. கடல் சாதுவாகத் தெரியும். திடீரென்று ஒரு பெரிய அலை கரையேறி, நிற்பவர்களை இழுத்துக்கொண்டு போய்விடும். உள்ளூரில் புயல் இல்லாதபோது எங்கிருந்து வருகிறது அந்த அலை? பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, அண்டார்டிகா பக்கத்துப் பெருங்கடலில் அடிக்கும் புயலிலிருந்து! அங்கே கிளம்பும் அலைகள் சில நாட்கள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேர்கின்றன. ‘கள்ளக்கடல்’ என்ற சொல்லையே 2012-ல் யுனெஸ்கோ அமைப்பு அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது.

2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் அருகே உள்ள லெமூர் கடற்கரையில் அலையில் கால் நனைத்து நின்ற மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்துபோனார்கள். கடல் சீறும் என்ற எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியாகியிருந்தது. மற்றவர் உயிரைக் காப்பாற்றப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். எச்சரிக்கையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது எவ்வளவு முக்கியம், பார்த்தீர்களா?

கள்ளக்கடல் அதிகம் வருவது ஏப்ரல், மே மாதங்களில்தான். அதாவது உங்கள் கோடை விடுமுறையில்! ஆகவே கட்டாயமாக மூன்று விஷயங்கள்:

1. கடலோரம் போகும் நாளில் கடல் எச்சரிக்கை உண்டா என்று செய்தியில் பார்க்கச் சொல்லுங்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது.

2. அலை நனைத்த பாறை கறுப்பாக, வழுக்கலாக இருக்கும். அந்த ஈரக் கோட்டைத் தாண்டி இறங்கவே கூடாது. சைக்கிளையும் போட்டோவையும் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

3. கரையில் வலை பின்னும் பெரியவரிடம் கேளுங்கள். “தாத்தா, இன்னிக்குக் கடல் எப்படி இருக்குதுங்க?” என்றால் போதும். “இன்னைக்கு வேண்டாம் மக்களே” என்று அவர் சொன்னால், மறுபேச்சு பேசாமல் திரும்பிவிட வேண்டும். அவர் கடலோடு வாழ்கிறவர். நாம் ஒருநாள் விருந்தாளிகள்.

வண்ண மணலும் வெற்றித் தூணும்

முட்டத்தைத் தாண்டினால் கடியப்பட்டினம், பிறகு மணவாளக்குறிச்சி. இங்கே மணலைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். கறுப்பும் சிவப்பும் கலந்திருக்கும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். இரண்டும் பாறையிலிருந்து பிரிந்து வந்த கனமான தாதுக்கள். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலர், இந்தப் பக்கமிருந்து கப்பலில் போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற அரிய தாது இருப்பதைக் கண்டுபிடித்தார். நாரை வாங்கியவருக்கு மணல் இலவசம். அந்த மணல்தான் புதையல்! இன்றும் மணவாளக்குறிச்சியில் மணலிலிருந்து தாதுக்களைப் பிரிக்கும் மத்திய அரசு ஆலை இருக்கிறது. பார்த்துவிட்டு மணலை அங்கேயே போட்டுவிடுங்கள்.

அடுத்து மண்டைக்காடு. அதைத் தாண்டியதும் நம் சவாரி முடியும் இடம், குளச்சல். பாறைகள் காவல் காக்கும் இயற்கைத் துறைமுகம். 1741-ல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை, டச்சுக்காரர்களின் படையை இங்கே தோற்கடித்தது. அதன் நினைவாக ஒரு வெற்றித் தூண் இருக்கிறது. பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்தார் என்பது இன்னும் சுவையான செய்தி.

உலகத்தில் எங்கெல்லாம்?

இப்படிப் பாறைக் கடலோரம் சைக்கிள் ஓட்டுவது உலகம் முழுக்கப் பிரபலம். தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுனில் ஆண்டுதோறும் 109 கி.மீ. சைக்கிள் பந்தயம் நடக்கிறது. மலையைக் குடைந்து கடலுக்கு மேலே போட்ட சாப்மன்ஸ் பீக் சாலையில் 9 கிலோமீட்டருக்குள் 114 வளைவுகள்! இந்தப் பந்தயம் எதற்காகத் தொடங்கியது தெரியுமா? ‘சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டும்’ என்று கேட்பதற்காக. 1978-ல் சில நூறு பேரோடு தொடங்கியது. இன்று பல்லாயிரம் பேர் கலந்துகொள்கிறார்கள். அங்கேயும் காற்றுதான் ராஜா. 2017-ல் சூறைக்காற்று சைக்கிளோடு ஆட்களையும் சாய்த்ததால் பந்தயத்தையே நிறுத்திவிட்டார்கள். ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே’ என்று யாரும் பிடிவாதம் பிடிக்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் ‘கிரேட் ஓஷன் ரோடு’ 243 கி.மீ. நீளம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள், இறந்துபோன தோழர்களின் நினைவாக 1919 முதல் 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியும் பிடித்துப் போட்ட சாலை. அதன் ஓரம் கடலில் நிற்கும் சுண்ணாம்புக்கல் தூண்களில் ஒன்று 2005-ல் சரிந்து விழுந்தது. சுண்ணாம்புக்கல் மெத்தென்றது, சீக்கிரம் கரையும். நம் முட்டத்துப் பாறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜெர்சி தெரியுமா?

திருப்பூர்ப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியா? ‘சிங்கிள் ஜெர்சி துணிதானே!’ என்று ஒரே குரலில் சொல்வீர்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலில் உள்ள ஒரு சின்னத் தீவின் பெயர் ஜெர்சி! அதுவும் பாறைக் கரைதான். நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊர் மக்கள் கம்பளி நூலில் பின்னிய சட்டைகளுக்குப் பெரிய பெயர். குளிர்காற்றில் மீன் பிடிக்கப் போனவர்கள் அதைத்தான் போட்டுக்கொண்டார்கள். சைக்கிள் வீரர்களின் சட்டைக்கும் இன்று ஜெர்சி என்றுதான் பெயர். பின்னல் துணியில் நூல் வளையம் வளையமாகக் கோத்திருப்பதால் இழுத்தால் நீளும். குனிந்து மிதிக்க வசதி. உங்கள் அம்மா அப்பா வேலை செய்யும் கம்பெனியின் துணிக்கும் கடலோர சைக்கிள் சவாரிக்கும் உள்ள உறவைப் பார்த்தீர்களா?

கிளம்பும் முன்

* பிரேக், டயர் காற்று, மணி, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் எல்லாம் சரியா என்று பாருங்கள். தலைக்கு ஹெல்மெட் அவசியம்.

* எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு 40 கி.மீ. அதிகம். முட்டத்தைச் சுற்றி நாலைந்து கி.மீ. போதும். யாராக இருந்தாலும் பெரியவர்களோடுதான் போக வேண்டும்.

* சாலையின் இடது ஓரம், ஒருவர் பின் ஒருவராக. டபுள்ஸ் கூடாது.

* சாலையில் மணல் படிந்த இடத்தில் சட்டென்று பிரேக் பிடிக்காதீர்கள், வழுக்கிவிடும்.

* திரும்பி வந்ததும் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். நிட்டிங் மெஷினுக்கு எண்ணெய் விடாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கடல் உப்புக்கு அதைவிட அவசரம், செயினைத் துருவாக்கிவிடும்.

செய்து பாருங்கள்!

கடலுக்குப் போக ஆண்டு முழுக்கக் காத்திருக்க வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று நம் ஊரிலும் வீசுகிறதே! பல்லடம், உடுமலை காற்றாலைகளைச் சுற்றவைப்பதும் அதே தென்மேற்குக் காற்றுதான். பள்ளி மைதானத்தில் 100 மீட்டர் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காற்றுக்கு எதிரே ஒரு தடவை, காற்றோடு ஒரு தடவை, ஒரே மாதிரி பலத்தோடு மிதியுங்கள். நண்பரிடம் கடிகாரத்தைக் கொடுத்து எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் செய்து, ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். எந்த வேளையில் காற்று உங்கள் தோழன், எந்த வேளையில் எதிரி என்பது தெரிந்துவிடும்.

காற்றைப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கடலையும் படிக்க வரும். என்ன, டயருக்குக் காற்று அடித்தாயிற்றா?